மெல்லிசா, தடிமனா: உங்கள் கைக்கு எந்த கிட்டார் பிக்?

பிக், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகடு, எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் ஒரு வாய்பாடு தயாராக இருக்கும்: ஸ்ட்ரம்மிங்குக்கு (கம்பிகளைச் சேர்த்து வருடி வாசிப்பது) மெல்லிசு, லீடுக்கு (தனித்தனி நோட்டுகளாக வாசிப்பது) தடிமன், இரண்டும் வேண்டுமென்றால் மீடியம். தவறில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு 0.60 மி.மீ.க்கும் 0.88 மி.மீ.க்கும் நடுவே முடிவெடுக்க முடியாது. கார்டு (சில நோட்டுகள் ஒன்றாக ஒலிப்பது) மட்டுமே வாசிக்கிற ஒருவர் 1.5 மி.மீ. பிக்கோடு ஏன் நிம்மதியாக இருக்கிறார், வேகமாக லீட் வாசிக்கிற இன்னொருவர் ஏன் 0.73-ஐ விட மறுக்கிறார் என்பதற்கும் அதில் பதில் கிடையாது. வாசிக்கிற இசை எது என்பதைவிட, கை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

கம்பியில் பிக் மோதும்போது ஏதாவது ஒன்று வளைந்து கொடுத்தாக வேண்டும். மெல்லிய பிக் என்றால் பிளாஸ்டிக்கே வளையும். தடித்த பிக் வளையாது. அப்போது விரல் மூட்டும் மணிக்கட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டுமே விறைத்துக்கொண்டு நின்றால் பிக் கம்பியில் மாட்டும், இல்லையென்றால் கையிலேயே திரும்பிவிடும். அந்த வளைவைப் பிளாஸ்டிக்கிடம் ஒப்படைக்கப் போகிறீர்களா, உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? தடிமனைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் உண்மையில் முடிவுசெய்வது இதைத்தான்.

எண்ணும் விறைப்பும்

தோராயமாக 0.60 மி.மீ. வரை தின், அங்கிருந்து 0.80 வரை மீடியம், 1.2 வரை ஹெவி, அதற்கு மேல் எக்ஸ்ட்ரா ஹெவி என்று பிரிப்பார்கள். இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் ஹெவிக்குப் பக்கத்தில் நிற்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். டன்லப் என்ற நிறுவனத்தின் டார்டெக்ஸ் வரிசையில் நிறமே அளவைச் சொல்லிவிடும்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. கிட்டார்காரர்கள் தங்களுக்குள் 'மஞ்சளா, பச்சையா' என்று பேசிக்கொள்வது இதை வைத்துத்தான்.

0.60-க்கும் 0.73-க்கும் இடையே உள்ளது 0.13 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், ஆனால் கைக்கு உடனே தெரியும். ஒரு தகட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. அந்தக் கணக்குப்படி 0.60-இலிருந்து 0.73-க்குப் போனால் விறைப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. 0.50-இலிருந்து 0.73-க்குத் தாவினால் மூன்று மடங்கைத் தாண்டும். 1.0-இலிருந்து 1.14-க்குப் போவதோ ஒன்றரை மடங்குதான், அதுவும் ஏற்கெனவே அதிகம் வளையாத பிக்கில். மெல்லிய பக்கம் நிற்பவர்கள் ஒவ்வொரு அளவாக ஏறிப் பார்க்க வேண்டும். 1.5 மி.மீ.க்கு மேல் போய்விட்டவர்கள் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை. அங்கே எதுவும் வளையப் போவதில்லை.

விரல்களுக்கு வெளியே பிக் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் இதே கணக்கில் வரும், அதுவும் தலைகீழாக. 6 மி.மீ. நீட்டிப் பிடித்திருந்ததை 4 மி.மீ. ஆக்கினால், அதே பிக் மூன்று மடங்குக்கு மேல் விறைத்துவிடும். 0.73 போதவில்லை, 1.0 வேண்டும் என்று நினைக்கிறவர்களில் பலருக்குப் புது பிக் தேவையே இல்லை. பிடியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து நுனி மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி பிடித்து, வாசித்துக்கொண்டிருக்கும் அதே வரியை மறுபடி வாசித்துப் பாருங்கள். ஒலி சட்டென்று இறுகும். ஸ்ட்ரம் செய்யும்போது பின்னால் நகர்த்தி, லீட் வரும்போது முன்னால் நகர்த்துகிற பழக்கம் பலருக்குத் தங்களை அறியாமலே வந்துவிடுகிறது. மீடியம் பிக்கின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. தடித்த பிக்கை எவ்வளவு நீட்டிப் பிடித்தாலும் இந்த வித்தையைக் காட்டாது.

தடிமன் ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறினால் கதை மாறும். 0.73 நைலானும் 0.73 டார்டெக்ஸும் எண்ணில்தான் ஒன்று. நைலான் குழைவாக வளையும். ஈரத்தை உறிஞ்சும் குணமும் அதற்கு உண்டு, உறிஞ்சினால் இன்னும் இளகும். டார்டெக்ஸ் செய்யப்படுவது டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில். வளைந்தாலும் டக்கென்று நிமிர்ந்துகொள்ளும், மேற்பரப்பு பவுடர் பூசியது போலச் சொரசொரப்பாக இருப்பதால் வியர்வைக் கைக்கும் நழுவாது. செல்லுலாய்டு வழுவழுப்பானது, ஒலி பிரகாசமாக வரும், ஆனால் சீக்கிரம் தேயும். ஒரு காலத்தில் ஆமை ஓட்டில் பிக் செய்தார்கள். அதன் இடத்துக்கு வந்ததுதான் செல்லுலாய்டு. பல செல்லுலாய்டு பிக்குகளில் அந்தப் பழுப்புப் புள்ளிகள் இன்றும் இருப்பது பழைய ஞாபகத்தில்தான். அல்டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் இவற்றைவிட விறைப்பு, தேயவும் நாளாகும். ஆகவே தடிமனை ஒப்பிடும்போது ஒரே பொருளில், ஒரே வடிவத்தில் ஒப்பிடுங்கள். நைலான் 0.60-ஐயும் அல்டெக்ஸ் 0.90-ஐயும் எதிரெதிரே வைத்து 'எனக்குத் தடிமன் பிடிக்கவில்லை' என்று தீர்ப்புச் சொன்னால், பிடிக்காதது தடிமனா பொருளா என்று உங்களுக்கே தெரியாது.

மெல்லிசு: 0.38 முதல் 0.60 வரை

மெல்லிய பிக்கை வைத்து ஒரு ஜி கார்டை மிக மெதுவாக மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். ஆறாவது கம்பியைத் தொட்டதும் நுனி பின்னால் மடங்கும், கம்பியின் மேல் வழுக்கி ஏறும், மறுபக்கம் இறங்கி நிமிரும். நிமிர்வதற்குள் ஐந்தாவது கம்பி வந்துவிடும். ஒவ்வொரு கம்பியிலும் அந்த மடங்கலும் நிமிர்தலும் சின்னதாக 'ட்ரிக்' என்று கேட்கும். வேகமாக ஸ்ட்ரம் செய்யும்போது இந்த 'ட்ரிக்'குகள் எல்லாம் சேர்ந்து ஒரு சலசலப்பாகும். அகூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டார் ரிதத்தில் பலர் ஆசைப்படுகிற அந்தத் தாளவாத்தியத் தன்மை இதிலிருந்து வருவதுதான். சிலருக்கு அதே சத்தம் எரிச்சல். அமைதியான பாட்டில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் கம்பியின் ஒலிக்கு முன்னால் பிளாஸ்டிக்கின் ஒலிதான் பதிவாகும்.

மெல்லிசின் பெரிய உதவி வேறு. அடி எவ்வளவு பலமாக விழுந்தாலும் பிக் மடங்கிவிடுவதால் ஒலி ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. ரெக்கார்டிங்கில் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி) செய்கிற வேலையை இது கையிலேயே செய்துவிடுகிறது. பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு இது வரம். கவனம் பாட்டில் இருக்கும்போது கை ஏற்ற இறக்கமாக அடித்தாலும் கேட்பவருக்குச் சமமாகவே கேட்கும். பல கருவிகள் அடர்ந்த ஒரு பாட்டில் அகூஸ்டிக் ரிதம் பின்னணியில் மினுமினுக்க மட்டும் வேண்டுமென்றால் 0.50 அழகாக உட்காரும், தடித்த பிக்கின் அடர்த்தி அங்கே பேஸோடும் குரலோடும் முட்டிக்கொள்ளும். பன்னிரண்டு கம்பி கிட்டாருக்கும் நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். ஜோடி ஜோடியாக நிற்கும் கம்பிகளின் மேல் விறைத்த பிக் ஓடினால் தடுக்கித் தடுக்கி விழுகிற மாதிரி இருக்கும்.

விலை என்னவென்றால், மெதுவாக வாசிப்பதற்கும் பலமாக வாசிப்பதற்கும் உள்ள தூரம் குறைந்துவிடுகிறது. தனி நோட்டு வாசிக்கும்போது இன்னொரு தொல்லை சேரும். கை நகர்ந்த பிறகுதான் நுனி கம்பியைவிட்டுக் கிளம்புகிறது. அந்தத் தாமதம் மிகச் சிறியது, மெதுவான டெம்போவில் பொருட்டே இல்லை. ஆல்டர்னேட் பிக்கிங்கில் (கீழும் மேலுமாக மாறி மாறி அடிப்பது) வேகம் கூடும்போது, முந்தைய அடியில் மடங்கிய நுனி நிமிர்வதற்குள் அடுத்த அடி வந்து நிற்கும். தாளம் தட்டும் மெட்ரோனோமோடு வாசித்து 'என் கை சரியாகத்தான் போகிறது, சத்தம்தான் பின்தங்குகிறது' என்று தோன்றினால், கையைத் திட்டுவதற்கு முன் பிக்கைப் பாருங்கள்.

நடுவில்: 0.73, 0.88

புதிதாகக் கற்பவர்களுக்கு 0.73-ஐப் பரிந்துரைப்பது வழக்கம். காரணம் நியாயமானது. ஸ்ட்ரம்மிங்கில் கம்பியில் மாட்டாத அளவுக்கு வளையும், தனி நோட்டு வாசித்தால் ஓரளவு நேரத்துக்கு நிற்கும். பிடியை முன்பின் நகர்த்தி இரண்டு பக்கமும் கொஞ்சம் போய்வரலாம். எதிலும் முதல் இடம் வாங்காது, எதிலும் தோற்காது.

0.88 வேறு குணம். பார்வைக்கு அது 0.73-இன் அண்ணன்தான். ஆனால் ஸ்ட்ரம் செய்யும்போது கை கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அது கேட்க ஆரம்பிக்கும். மணிக்கட்டை இறுக்கி அடிப்பவருக்கு முதல் சில நாள் முரண்டு பிடிக்கும், பிறகு மணிக்கட்டு தானாக இளகும். தனி நோட்டுகள் 0.73-ஐவிடத் தெளிவாக வெட்டி விழும். உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி வாசிக்கும் பாம் மியூட் ரிதத்தில், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனோடு, இந்த வித்தியாசம் நன்றாகவே கேட்கும். ஒரே ஒரு பிக்கோடு எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் நான் பச்சையைத்தான் எடுப்பேன். வளைவின் பாதியைப் பிளாஸ்டிக்கும் மீதியைக் கையும் பகிர்ந்துகொள்கிற இடம் அது. அங்கிருந்து எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை உங்கள் கையே சொல்லிவிடும்.

மெட்டல் இசைக்குழு மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் பெயர் சொன்னால் வேகமான டவுன் ஸ்ட்ரோக் (கீழ்நோக்கி அடிப்பது) ரிதம் நினைவுக்கு வரும். அவர் பெயரில் டன்லப் வெளியிட்ட பிளாக் ஃபேங் பிக் 0.73, 0.94, 1.14 என்று மூன்று தடிமன்களில் வருகிறது. அவரைப் போல வாசிக்க ஆசைப்படுகிறவரும் தடிமனைத் தானேதான் முடிவு செய்தாக வேண்டும்.

தடிமன்: 1.0 முதல் 1.5 வரை

தடித்த பிக்குக்கு மாறியவர்கள் அடுத்தவரையும் மாற்றாமல் ஓயமாட்டார்கள். அந்த உற்சாகத்துக்குக் காரணம் இருக்கிறது. மெல்லிசு மறைத்து வைத்திருந்த எல்லாமே இங்கே வெளியே வரும். மெதுவாகத் தொட்டால் மெதுவாக, அடித்தால் அடியாக. ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நடுவே நீங்கள் நினைத்த எடை அப்படியே கம்பிக்குப் போகும். கை இறங்கியதும் நோட்டு பிறக்கும், இடையில் மடங்கி நிமிரும் தாமதம் இல்லை. வேகமான லீட் வாசிப்பவர்கள் இந்தப் பக்கம் குவிவது இதனால்தான். வேகத்துக்குப் பேர்போன ராக் கிட்டார் கலைஞர் யிங்வி மால்ம்ஸ்டீனின் பெயரில் 1.5 மி.மீ. பிக் வருகிறது. டன்லப் ஜாஸ் த்ரீ சின்னஞ்சிறியது, கூர் நுனி, 1.38 மி.மீ. பெயரில் ஜாஸ் இருந்தாலும் அதைக் கையில் வைத்திருப்பவர்களில் மெட்டல் வாசிப்பவர்கள் ஏராளம்.

ஒலியும் மாறும். விறைத்த பிக் கம்பியை நன்றாகத் தள்ளிக்கொண்டுபோய் விடுவதால் அடிப்படைச் சுருதி வலுவாக வரும். தடித்த பிக்கின் விளிம்பு பெரும்பாலும் உருட்டி மழுக்கப்பட்டிருக்கும். அந்த அகலமான விளிம்பு கம்பியைத் தொடும் இடமும் அகலம். அதனால் உச்ச ஹார்மோனிக்குகள் (அடிப்படைச் சுருதிக்கு மேல் சேர்ந்து ஒலிக்கும் சுருதிகள்) குறைந்து ஒலி உருண்டையாகக் கேட்கும். தடித்த பிக் என்றால் 'வார்ம்' என்று சொல்வதில் பாதி இந்த விளிம்பின் வேலை. நுனி கத்தி போலச் சீவியிருந்தால் 1.5 மி.மீ. பிக்கும் கீச்சென்று கேட்கும். இந்த அளவுக்கு வந்துவிட்டால் தடிமனைவிட விளிம்பு எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கைக்கு இது வைக்கும் நிபந்தனை கடுமையானது. பிக்கைக் கம்பிக்கு நேர் தட்டையாக வைத்து அடித்தால் கம்பி வழிவிடாது, சுவரில் மோதியது போல நிற்கும். பிக்கின் முன் விளிம்பு கொஞ்சம் கீழ்நோக்கிச் சாயும்படி, முப்பது டிகிரி அளவுக்குத் திருப்பிப் பிடியுங்கள். இப்போது விளிம்பு கம்பியை வெட்டிக்கொண்டு வழுக்கிப் போகும். கட்டைவிரல் மூட்டைச் சற்று மடக்கினால் இந்தச் சாய்வு தானாகக் கிடைத்துவிடும். சாய்வு கூடக் கூட வழுக்கலும் கூடும். அதோடு தடித்த கம்பிகளின் சுற்றுகளில் உரசும் 'ஸ்ஸ்' சத்தமும் கூடும், ஒலியின் கூர்மை கொஞ்சம் மங்கும். மூன்றுக்கும் நடுவே உங்களுக்குப் பிடித்த கோணத்தைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆகலாம். தடித்த பிக் பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்தவர்களில் பெரும்பாலோர் தட்டையாகப் பிடித்துப் பார்த்தவர்கள்.

பிடி தளர்வாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. பிக் விழுந்துவிடும் என்ற பயத்தில் நாம் இறுக்குவோம். இறுக்கினால் முன்கை வரை விறைக்கும், அரை மணி நேரத்தில் வலிக்கும். தடித்த பிக் இதில் ஒரு சின்ன உதவியும் செய்கிறது. விரல்களுக்கு நடுவே பிடிக்கப் பருமன் இருப்பதால், மெல்லிய பிக்கைப் போல அழுத்திக் கிள்ள வேண்டியதில்லை.

தடித்த பிக்கில் ஸ்ட்ரம் செய்ய முடியாதா? முடியும். கை நன்றாக இளகியவர்கள் 1.5 மி.மீ. பிக்கில் பஞ்சு போல ஸ்ட்ரம் செய்வார்கள். விரலின் தளர்வு மொத்தமும் அங்கே பிளாஸ்டிக்கின் வேலையைச் செய்கிறது. இந்த வாதத்தின் கடைசி எல்லையில் நிற்பவர் குயீன் இசைக்குழுவின் பிரையன் மே. அவர் பிளாஸ்டிக்கே வேண்டாமென்று பழைய ஆங்கிலேய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறவர். உலோகம் துளிகூட வளையாது. வளைவெல்லாம் விரலில்தான். நாணயத்தின் ரம்பம் போன்ற விளிம்பைக் கம்பிக்கு இணையாக வைத்தால் ஒரு ஒலி, சாய்த்தால் கரகரவென்று இன்னொரு ஒலி.

தனி நோட்டு நிறைய வாசிக்கிறவர், கை கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது என்று உணர்கிறவர், ஒலியின் ஏற்ற இறக்கம் தன் கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் இங்கே வரலாம். கை இன்னும் இறுகியே இருக்கிறது, கார்டு மாற்றுவதே சவாலாக இருக்கிறது என்றால் கொஞ்சம் பொறுத்து வரலாம். தடித்த பிக் கையை இளக்கிவிடும் என்று சொல்லி ஆரம்பத்திலேயே அதைக் கொடுப்பவர்களும் உண்டு. சிலருக்கு அது பலிக்கிறது. பலருக்கு வாசிப்பே வெறுத்துப்போகிறது.

இரண்டு மில்லிமீட்டருக்கு மேல்

இது தனி உலகம். ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வழியில் வரும் ஜிப்ஸி ஜாஸ் வாசிப்பவர்களிடம் 3 மி.மீ. தாண்டிய பிக்குகள் சாதாரணம். ஒலிபெருக்கும் ஆம்ப் இல்லாமல், பக்கத்தில் அழுத்தமாக ரிதம் அடிக்கும் கிட்டார்களையும் மீறித் தனி நோட்டு கேட்க வேண்டும். ஒரு கம்பியை அடித்த பிக் அடுத்த கம்பியின் மேல் போய் ஓய்ந்து நிற்கும் ரெஸ்ட் ஸ்ட்ரோக் பாணி அவர்களுடையது. அதற்குக் கனமான பிக் பொருந்துகிறது. இந்த இசையை நீங்கள் வாசிக்கவில்லை என்றால், 1.5-ஐத் தாண்டிப் போவதற்குப் பிடியின் சௌகரியம்தான் காரணமாக இருக்க முடியும். விறைப்பில் புதிதாக ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

கம்பியின் பங்கு

பிக் மட்டும் தனியாக முடிவெடுப்பதில்லை. எலெக்ட்ரிக்கில் 0.009 அங்குலத்தில் (கம்பியின் தடிமனை அங்குலத்தில் சொல்வார்கள்) தொடங்கும் மெல்லிய செட் போட்டிருந்தால் மெல்லிய பிக்கும் கம்பியை நன்றாகவே அசைக்கும். அகூஸ்டிக்கில் 0.012 செட்டின் மேல் அதே பிக் கம்பியைவிட அதிகமாகத் தானே மடங்கும், ஒலி வற்றிப்போகும். அங்கே ஓர் அளவு ஏறுங்கள். ட்யூனிங்கை இறக்கி வாசிப்பவர்களுக்கு நேர்மாறான சிக்கல். தளர்ந்த கம்பியைத் தடித்த பிக் அளவுக்கு மீறித் தள்ளிவிட்டால் நோட்டின் தொடக்கம் சுருதி ஏறிக் கேட்கும். பிக்கை மாற்றுவதற்கு முன் கம்பியைத் தடிமனாக்குங்கள். பேஸ் கிட்டாரில் மெல்லிய பிக் வெறும் தட்டல் ஒலியைத்தான் தரும். 0.88-க்குக் கீழே போக நான் யோசிப்பேன், முக்கோண வடிவில் பெரிதாக வருபவை பிடிக்கவும் வசதி. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரை விரலால் வாசிப்பதுதான் அழகு, பிக்கோடு வாசித்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிய பக்கம் போங்கள்.

எப்படிச் சோதிப்பது

ஒரே பொருள், ஒரே வடிவம், நான்கு தடிமன்: 0.60, 0.73, 0.88, 1.14. இப்படிக் கலந்து வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டாரின் மற்ற செட்டிங் எதையும் அந்த நாட்களில் தொடாதீர்கள், குறிப்பாகக் கம்பியை மாற்றாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தூக்கத்திலும் வாசிக்க வருகிற ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பாட்டை வைத்துச் சோதித்தால் பாட்டின் சிரமம் பிக்கின் தலையில் விழும்.

மூன்று இடங்களில் காது வையுங்கள். முதலாவது அப் ஸ்ட்ரோக். டவுன் ஸ்ட்ரோக்கில் எல்லா பிக்கும் நல்ல பிள்ளைதான். அப் ஸ்ட்ரோக்கில் கம்பியில் சிக்கினால் உங்கள் கைக்கு அந்தத் தடிமன் இப்போதைக்கு அதிகம், அல்லது பிடியின் கோணம் தவறு. கோணத்தைத் திருத்திப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். இரண்டாவது, மிக மெதுவாகத் தொடங்கி மிகப் பலமாக முடியும் ஒரே கார்டு. நடுவே ஓர் இடத்துக்கு மேல் சத்தம் ஏறாமல் பிளாஸ்டிக் சத்தம் மட்டும் கூடினால், உங்கள் கையின் பலத்துக்கு அந்த பிக் மெல்லிசு. மூன்றாவது, ஒரு நிமிடம் நிறுத்தாமல் ஒரே கம்பியில் ஆல்டர்னேட் பிக்கிங். கை எங்கே களைக்கிறது என்று கவனியுங்கள். விரல் நுனி களைத்தால் பிடி இறுக்கம். முன்கை களைத்தால் தடிமன் உங்கள் கையிடம் கேட்கும் விலை அது.

எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள். எது எந்த பிக் என்பதை வேறு யாரையாவது குறித்துவைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கையில் கிடைக்கிற சுகமும் கேட்கும்போது காதில் விழுகிற ஒலியும் அடிக்கடி சண்டை போட்டுக்கொள்ளும். கைக்குச் சுகமான மெல்லிசு பதிவில் தகரமாகக் கேட்கலாம். சண்டை வந்தால் என் ஓட்டு கைக்குத்தான். ஒலியை ஆம்பிலும், கம்பியில் எந்த இடத்தில் அடிக்கிறோம் என்பதிலும் கொஞ்சம் சரிசெய்துகொள்ள முடியும். பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தால் கூர்மை, கழுத்துப் பக்கம் வந்தால் மென்மை. கையில் தினமும் இருக்கும் அசௌகரியத்தைச் சரிசெய்ய எந்தக் குமிழும் கிடையாது.

பாடிக்கொண்டே கார்டு வாசிப்பவர் 0.60-இல் தொடங்கட்டும். ரிதமும் இடையிடையே சின்னச் சின்ன லீடும் என்றால் 0.73, ராக் பக்கம் சாய்வு இருந்தால் 0.88. லீடே முழுநேர வேலை என்றால் 1.14-ஐ ஒரு மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டு, பிறகு ஜாஸ் த்ரீ போன்ற சின்ன வடிவத்துக்குப் போவதா என்று யோசிக்கலாம். ஒரே பாட்டில் இரண்டு குணமும் வேண்டுமென்றால் பிக்கை மாற்ற நேரம் இருக்காது. வழக்கமான கண்ணீர்த்துளி வடிவ பிக்கைத் திருப்பி அதன் உருண்டைத் தோளால் வாசிக்கும் வழி இருக்கிறது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் மீடியம் பிக்கை அப்படித் திருப்பிப் பிடித்துத்தான் வாசித்தார். தடிமன் அதேதான், ஆனால் அகன்ற தோள் நுனியைவிடக் குறைவாக வளைவதால் கைக்கு இன்னொரு பிக் கிடைத்தது போல இருக்கும்.

தேய்மானத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிக்கில் விரல் பிடிக்கும் இடத்துக்குக் கீழே முதலில் மயிரிழைபோல ஒரு விரிசல் விழும். அதைக் கண்டதும் மாற்றிவிடுங்கள், மேடையில் உடைந்தால் நுனி அகூஸ்டிக்கின் வாய்க்குள் போய் விழும். தடித்த பிக் உடையாது, ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும். நுனியின் ஒரு ஓரம் மட்டும் சாய்வாக வழித்தது போல ஆகிவிடும். பழைய ஒலி வரவில்லை என்று ஆம்பைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது நல்லது. மிக நைஸான உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து, முரட்டுத் துணியில் மெருகேற்றினால் இன்னும் பல மாதம் ஓடும்.